ஈஸ்டருக்கு முன் ஒரு நிலவுப் பதிவேடு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் தொடக்கப் பள்ளிகளில் இரண்டு கவலைகள் ஒன்றாக வந்து சேரும். மூன்றாம் பருவப் பாடங்களை முடித்துப் பிள்ளைகளை ஆண்டுத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. வருகைப் பதிவேட்டில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் விடுப்புகள் மற்றொன்று. தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் உள்ள எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாவது கவலை சற்று அதிகம். மீனவக் குடும்பங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தவக்காலத்தின் கடைசி வாரமான புனித வாரத்தில் பிள்ளைகள் பாதிப்பேர் கோயில் வேலையாக இருப்பார்கள். பங்குனி உத்திரம் வந்தால் இந்துக் குடும்பங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டிப் புறப்பட்டுவிடும். ரமலான் மாதமும் சேர்ந்து வந்தால், விடியுமுன் எழுந்த பிள்ளைகள் பிற்பகலில் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

2024ஆம் ஆண்டில் இந்த மூன்றும் ஒரே மாதத்தில் வந்தன. மார்ச் 12இல் ரமலான் நோன்பு தொடங்கியது. மார்ச் 25 பங்குனி உத்திரம். மார்ச் 29 புனித வெள்ளி, 31 ஈஸ்டர். அதன் பிறகு தேர்வு. ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடைக்காலம் தொடங்கினால் சில குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உறவினர் ஊருக்குப் போய்விடும். கையில் இருந்தது ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய மூன்று வாரம்தான். நான் 4, 5ஆம் வகுப்புகளை இணைத்து நடத்துகிறேன். 19 பிள்ளைகள். அவர்களில் நான்கு பேர் தமிழில் இன்னும் ‘அரும்பு’ நிலையில் இருந்தார்கள். விடுப்பு எடுப்பதிலும் அந்த நால்வரே முன்னால் நின்றார்கள்.

பண்டிகைகளை நம்மால் தள்ளிவைக்க முடியாது. ஆனால் மூன்று பண்டிகைகளின் தேதியையும் தீர்மானிப்பது நிலவு. பிள்ளை சாஸ்தா கோயிலில் இருந்தாலும், மாதா கோயில் முற்றத்தில் இருந்தாலும், மாடியில் நோன்பு திறந்துகொண்டிருந்தாலும் அந்த நிலவைப் பார்க்கலாம். இந்த எண்ணத்தில் வகுப்பில் தொடங்கியதுதான் நிலவுப் பதிவேடு. அதை நடத்திய முறையையும், பிள்ளைகள் கண்டறிந்தவற்றையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பதிவேட்டின் அமைப்பு

40 பக்க நோட்டு ஒன்றை இரண்டாக வெட்டினால் இரண்டு பதிவேடுகள் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து விவரங்கள்: தேதியும் கிழமையும், பார்த்த நேரம், நிலவு இருந்த திசை, அதன் வடிவம், அதைப் பற்றி எழுத விரும்புவது. வடிவத்துக்காகப் பாட்டில் மூடியை வைத்து வட்டம் வரைந்துகொள்ள வேண்டும். ஒளி தெரியாத பகுதியைப் பென்சிலால் நிரப்ப வேண்டும்.

எழுதும் அளவைக் கற்றல் நிலைக்கு ஏற்ப வகுத்தேன். அரும்பு நிலையினர் படம் வரைந்து ஒரு சொல் எழுதினால் போதும். மொட்டு நிலையினர் ஒரு வாக்கியம். மலர் நிலையினர் மூன்று வாக்கியங்கள். கூடுதலாக எழுத விரும்பினால் தடையில்லை. பார்க்காத நாளில் ‘பார்க்கவில்லை’ என்று எழுத வேண்டும். மேகம் மறைத்தால் ‘மேகம்’ என்று எழுத வேண்டும். மற்றவர் பதிவைப் பார்த்து எழுதுவதைவிட வெற்றிடம் விடுவது மேல் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். அறிவியலில் முதல் பாடம் அதுதான்.

காலை வழிபாடு முடிந்ததும் பத்து நிமிடம் பதிவேடுகளை வாசிப்போம். திருத்தம் எதுவும் அப்போது செய்வதில்லை.

முதல் வாரம்: பிறை எங்கிருந்து வந்தது?

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. மறுநாள் மாலை பிறை தெரியும் என்று திங்கள்கிழமையே சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு பதிவேடுகளில் மட்டும் பிறை இருந்தது. அவற்றில் ஒன்று ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. நோன்பு தொடங்குவதற்காக வீட்டில் எல்லாரும் மாடியில் நின்று பிறை தேடியதையும், முதலில் கண்டது அவளுடைய சின்னம்மா என்பதையும் மூன்று வாக்கியங்களில் எழுதியிருந்தாள். வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. அன்று மாலை பிறை பார்க்கப் போனவர்களின் எண்ணிக்கை இரட்டிப்பானது.

புதன்கிழமை ஒரு கேள்வி வந்தது. “டீச்சர், நிலா கிழக்கதானே உதிக்கும்? பிறை மட்டும் எப்படி மேக்க வந்துச்சு?” பாடநூலில் ‘நிலவு கிழக்கே உதித்து மேற்கே மறையும்’ என்று படித்த பிள்ளை, கண்ணால் கண்டதையும் படித்ததையும் ஒப்பிட்டுக் கேட்ட கேள்வி இது. உடனே விடை சொல்லாமல் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன். அந்த வாரத்தில் அப்படி ஏழு கேள்விகள் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை பதிவேடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஏறத்தாழ ஒரே நேரத்தில் பார்த்தும், நிலவு நாள்தோறும் மேற்கு அடிவானத்திலிருந்து சற்று விலகி மேலே ஏறியிருந்தது. வடிவமும் வளர்ந்திருந்தது. விடையைப் பிள்ளைகளே நெருங்கினார்கள். பிறை மேற்கில் உதிக்கவில்லை. காலையில் சூரியன் உதித்த சிறிது நேரத்தில் அதுவும் கிழக்கிலேயே உதித்து, பகல் முழுவதும் சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாமல் வந்திருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு, தான் மறையப் போகும் வேளையில்தான் நம் கண்ணில் படுகிறது.

இரண்டாம் வாரம்: பகலில் ஒரு நிலா, வெயிலில் ஒரு பந்து

பிறைகள் ஏன் தோன்றுகின்றன என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் ‘பூமியின் நிழல் நிலவின் மேல் விழுகிறது’ என்பார்கள். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிரகணத்தையும் பிறையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் எண்ணம் இது. விளக்கிச் சொன்னால் தலையாட்டுவார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் மறுபடி நிழல் என்பார்கள். கண்ணால் பார்த்தால்தான் மாறும்.

மார்ச் 18, திங்கள்கிழமை மாலை 4 மணி. முந்தைய நாள்தான் அரைநிலவு. பள்ளி மைதானத்தில் நின்று கிழக்கே பார்த்தால், நீல வானத்தில் பாதியைவிடச் சற்றுப் பெரிய வெளிர்நிலா. மேற்கே சூரியன் காய்ந்துகொண்டிருந்தது. பகலில் நிலவு தெரியும் என்பதே சிலருக்குப் புதிய செய்தி. வெள்ளைப் பிளாஸ்டிக் பந்து ஒன்றை வெயிலில் நின்றபடி, கையை நீட்டி, நிலவுக்குப் பக்கத்தில் தெரியும்படி பிடிக்கச் சொன்னேன். பந்தின் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் மங்கல் என்று பார்க்கச் சொன்னேன்.

நிலவில் எந்த வடிவமோ அதே வடிவம் பந்திலும் இருந்தது. ஒருவர் மாற்றி ஒருவராக 16 பேரும் பிடித்துப் பார்த்தார்கள். அதன் பிறகு நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “சூரியன் அங்கே இருக்கு, நிலா இங்கே இருக்கு. பூமியோட நிழல் எங்கே?” நிழல் என்று சொன்ன பிள்ளைகளே இல்லை என்றார்கள். பந்துக்குப் பாதி வெளிச்சம் எப்போதும் இருக்கிறது, நாம் நிற்கும் இடத்திலிருந்து அதில் எவ்வளவு தெரிகிறது என்பதே பிறை என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வழியில் சொன்னான். செலவில்லாத செயல்பாடு இது. பிள்ளைகள் சூரியனை நேராகப் பார்க்காமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியன் முதுகுக்கோ தோளுக்கோ பின்னால் இருக்கும்படி நிறுத்தினால் போதும்.

மறுநாள் பொருள் வைக்கும் அறையின் சன்னல்களைச் சாக்கால் மறைத்து, மேசை மேல் ஒரு குண்டுபல்பை எரியவிட்டோம். குச்சியில் குத்திய தெர்மாகோல் பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்ற வேண்டும். தலைதான் பூமி. அமாவாசை, பிறை, அரைநிலவு, பௌர்ணமி எல்லாம் வரிசையாக வரும். பந்தைத் தாழ்த்திப் பிடித்த ஒரு மாணவியின் தலைநிழல் அதன் மேல் விழுந்தது. “இதுதான் கிரகணம்” என்றேன். “அப்போ ஒவ்வொரு பவுர்ணமிக்கும் கிரகணம் வரணுமே?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நிலவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு நிழலுக்கு மேலேயோ கீழேயோ கடந்துவிடுகிறது என்பதைப் பந்தை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்ட முடிந்தது.

அதே வாரத்தில் மார்ச் 20 சமபகலிரவு நாள். மைதானத்தில் 1 மீட்டர் குச்சியை நட்டு, பகல் 12 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்தோம். மிகக் குறுகிய நிழல் 12 மணிக்கு வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது வந்தது 12.25 வாக்கில். அளவு ஏறத்தாழ 15 செ.மீ. இந்திய நேரம் கணக்கிடப்படும் தீர்க்கக்கோட்டுக்கு நாம் மேற்கே இருப்பதும், ஆண்டின் அந்த நாளில் சூரியக் கடிகாரம் சில நிமிடம் பின்தங்குவதும் இதற்குக் காரணம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நம் பகுதியில் உச்சிப்பொழுது நிழலே காலடியில் மறைந்துவிடும் என்று சொன்னபோது, அந்த நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாம் வாரம்: தேதி ஏன் மாறுகிறது?

கிறிஸ்துமஸ் என்றும் டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது? இந்தக் கேள்வியோடு பழைய நாள்காட்டிகளைக் கொண்டுவரச் சொன்னேன். அட்டை போட்டுக் கட்டிய தினசரித் தாள்கள், மளிகைக் கடை மாத நாள்காட்டிகள், கோயில் நாள்காட்டிகள் என்று பல வந்தன. குழுக்களாகப் பிரிந்து ஈஸ்டர், அதற்கு முந்தைய பௌர்ணமி, ரமலான் பெருநாள் ஆகியவற்றைத் தேடி எழுதினார்கள்.

முதலில் ஈஸ்டர். 2022இல் ஏப்ரல் 17. பௌர்ணமி அதற்கு முந்தைய நாளான சனிக்கிழமை. 2023இல் ஏப்ரல் 9. பௌர்ணமித் திதி அந்த வாரம் புதன், வியாழன் இரண்டு நாளையும் தொட்டிருந்தது. 2024இல் மார்ச் 31. பௌர்ணமி மார்ச் 25, திங்கள். மூன்றையும் கரும்பலகையில் எழுதியதும் ‘பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு’ என்று குழு ஒன்று கண்டுபிடித்தது. எந்தப் பௌர்ணமி என்று கேட்டபோது தடுமாறினார்கள். மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு என்ற விதியை அப்போது சொன்னேன். அந்த விதிப்படி ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னும் ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. கி.பி. 325இல் கூடிய நைசியா திருச்சங்கம், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்ததிலிருந்து இந்த முறை படிப்படியாக நிலைபெற்றது.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. திருச்சபை பயன்படுத்துவது அட்டவணைப் பௌர்ணமி. வானத்துப் பௌர்ணமியோடு அது ஓரிரு நாள் வேறுபடலாம். 2019இல் வானத்துப் பௌர்ணமி மார்ச் 21 காலையில் வந்தும், அட்டவணை அதை மார்ச் 20 என்று கொண்டதால் ஈஸ்டர் ஏப்ரல் 21க்குப் போனது. கிரேக்கம், ரஷ்யா முதலிய நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றுவதால் 2024இல் அவர்களுக்கு மே 5 அன்றுதான் ஈஸ்டர். மீத்திறன் பிள்ளைகள் கேட்டால் சொல்ல இது உதவும்.

அடுத்து ரமலான். 2022இல் மே 3, 2023இல் ஏப்ரல் 22. வித்தியாசம் 11 நாள். அப்படியானால் 2024இல் ஏப்ரல் 11 என்று பிள்ளைகள் கணித்துப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். பிறை பார்த்த பிறகே உறுதியாகும் என்பதையும் அடைப்புக்குறிக்குள் எழுதச் சொன்னேன். 11 நாள் எங்கிருந்து வருகிறது? நிலவு மாதம் ஒன்றுக்கு 29 அல்லது 30 நாள். ஆறு மாதம் 30, ஆறு மாதம் 29 என்று கொண்டால் 180 + 174 = 354. சூரிய ஆண்டு 365. கழித்தால் 11. நான்காம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் அந்தக் கழித்தலுக்கு விடை கண்டபோது வகுப்பில் எழுந்த மகிழ்ச்சி, பாடநூல் கணக்குக்கு வந்ததில்லை.

பங்குனி உத்திரம் ஏன் ரமலானைப் போல் ஆண்டெல்லாம் சுற்றி வராமல் பங்குனியிலேயே நிற்கிறது என்று அடுத்துக் கேட்டேன். தமிழ் மாதங்கள் சூரியனை வைத்துக் கணக்கிடப்படுபவை. பங்குனியில் சூரியன் மீன ராசியில் நிற்கும்போது, அதற்கு எதிரே உத்திர விண்மீன் பக்கம் நிலவு வந்தால் அது முழுநிலவாக இருக்கும். பங்குனி என்ற பெயரே பல்குனி என்ற விண்மீன் பெயரோடு தொடர்புடையது. இதையெல்லாம் கேட்ட ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னதை அப்படியே தருகிறேன்: “ரம்ஜான் நிலாவ மட்டும் பார்க்கும். பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் சூரியனையும் சேத்துப் பார்க்கும்.” மூன்று வார வேலையின் சாரம் அந்த இரண்டு வாக்கியங்களில் வந்துவிட்டது.

வீட்டிலிருந்து வந்த பாடம்

தொடங்கிய சில நாளில் ஒரு தாய் பள்ளிக்கே வந்து கேட்டார். “பரீட்சை வரப்போவுது, இப்போ போயி நிலாவப் பார்க்கச் சொல்லுதீங்களே டீச்சர்?” நியாயமான கேள்வி. அவருடைய மகளின் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். எட்டு நாளில் இருபதுக்கும் மேற்பட்ட வாக்கியங்களை யாரையும் பார்க்காமல் எழுதியிருந்தாள். தமிழ்த் தேர்வில் ‘சொந்த நடையில் எழுதுக’ என்ற வினாவுக்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்டதும் அவர் புரிந்துகொண்டார். பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். பதிவேட்டையே விடையாகக் காட்டலாம்.

அரும்பு நிலையில் இருந்த நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பையன் வளர்வது தாத்தா வீட்டில். பிப்ரவரியில் அவன் பள்ளிக்கு வராத நாள் ஒன்பது. எழுதச் சொன்னால் கரும்பலகையில் இருப்பதை வரைவான், வாசிக்கத் தெரியாது. அவனுடைய முதல் பதிவில் நிலவின் படமும் ‘நிலா’ என்ற சொல்லும் மட்டும் இருந்தன. மூன்றாம் நாள் காலையில் பதிவேடு வாசிக்கும்போது, எழுதாத ஒன்றை வாயால் சொன்னான். “நிலாக் காலத்துல வலை போட்டா மீன் வலையப் பார்த்துரும்னு தாத்தா சொன்னாவ. அதான் இருட்டுல மீன்பாடு நல்லா இருக்குமாம்.”

அன்று முதல் அவன் தாத்தா எங்கள் வகுப்பின் வெளி ஆசிரியர் ஆனார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் கூடுதலாக ஏறி இறங்குவது ஏன், அரைநிலவு நாளில் ஏன் குறைவு என்று மற்ற பிள்ளைகள் கேள்வி எழுதிக் கொடுப்பார்கள். இவன் கேட்டு வருவான். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும்போது ஓதம் கூடும் என்ற பாடநூல் விளக்கத்தை நான் சேர்ப்பேன். கேட்டு வந்ததை மறந்துவிடக் கூடாது என்பதற்காக அவன் எழுதத் தொடங்கினான். மார்ச் 25ஆம் தேதிப் பதிவில் நான்கு வாக்கியங்கள் இருந்தன: “நிலா பெருசு. கடல்ல இருந்து வந்துச்சி. சூரியன் அந்தப் பக்கம் போச்சி. இன்னக்கி வல போடல.” பேச்சுவழக்கும் எழுத்துப் பிழையும் உண்டு. ஆனால் நான்கும் அவனுடைய வாக்கியங்கள். மார்ச் மாதத்தில் அவன் எடுத்த விடுப்பு இரண்டு நாள்.

மற்ற மூவரில் ஒருத்தி வாக்கிய நிலைக்கு வந்திருக்கிறாள். இருவரிடம் பெரிய மாற்றம் இல்லை. ஒருவன் பாதியிலேயே பதிவேட்டைத் தொலைத்துவிட்டான். மூன்று வாரத்தில் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை அறிந்த உலகத்திலிருந்து எழுத ஒரு செய்தி கிடைத்தால், எழுத்து அதைத் தேடி வருகிறது என்பதை மட்டும் கண்டேன்.

விடுமுறைக்கு முந்தைய பள்ளிச் செய்திகள்

மார்ச் 1 முதல் அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கை தொடங்கியது. ஈஸ்டருக்குள் முதல் வகுப்புக்கு ஐந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஐந்தாம் வகுப்பினர் தெர்மாகோல் பந்தை வைத்து நிலவுக் கதை சொன்னார்கள். வெயில் கூடியதால் வகுப்பறை வாசலில் மண்பானையும், வேப்பமரத்தடியில் பறவைகளுக்குத் தண்ணீர்ச் சட்டியும் வைத்திருக்கிறோம். நிரப்பும் பொறுப்பு இரண்டாம் வகுப்புக்கு. ‘பவுர்ணமிச் சிறப்பிதழ்’ என்ற பெயரில் சுவரிதழ் வந்தது. பிறைப் படங்கள், தாத்தா பாட்டிகள் சொன்ன செய்திகள், குச்சி நிழல் அளவுகள், விடை தெரியாத கேள்விகள் என நான்கு பகுதிகள்.

பௌர்ணமியன்று மாலை பெற்றோரோடு கடற்கரைக்கு வரச் சொல்லியிருந்தேன். சூரியன் மேற்கே பனைகளுக்குப் பின்னால் இறங்க, கிழக்கே கடலிலிருந்து நிலவு எழுந்தது. சூரியனும் நிலவும் எதிரெதிரே நிற்பதுதான் பௌர்ணமி என்று பந்தில் பார்த்ததைப் பிள்ளைகள் வானத்தில் பார்த்தார்கள். சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்த நான்கு பேர் செவ்வாய்க்கிழமை பதிவேட்டோடு வந்தார்கள். அங்கே மலைப்பக்கம் நிலவு தாமதமாகத்தான் தெரிந்தது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். காரணத்தையும் அவளே எழுதியிருந்தாள்.

பெரிய வியாழனன்று ஒவ்வோர் ஆண்டும் ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். இம்முறை 13 பேர் வந்தார்கள். ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் 1, திங்கள்கிழமை 17 பதிவேடுகள் மேசைக்கு வந்தன. புனித சனி நள்ளிரவு வழிபாடு முடிந்து வரும்போது தேய்பிறை எங்கே நின்றது என்பது அவற்றில் ஐந்தில் இருந்தது.

நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு

அமாவாசைக்கு மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் மாலை தொடங்கிப் பௌர்ணமி வரை நடத்துங்கள். அந்த இரண்டு வாரமும் நிலவு மாலையில் தெரியும். தேய்பிறைக் காலத்தில் பிள்ளைகள் இரவு விழிக்க நேரிடும். வளர்பிறை ஏழாம், எட்டாம் நாளை ஒட்டிய பிற்பகலைப் பந்துச் செயல்பாட்டுக்கு ஒதுக்குங்கள்.

பண்டிகைகளைப் பேசும்போது தேதி எப்படி வருகிறது, வீட்டில் என்ன செய்வார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம்பிக்கைகளை ஒப்பிடவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். ‘எங்க பிறை’, ‘எங்க பவுர்ணமி’ என்று தொடங்கும் பிள்ளைகள், பதிவேடுகளை வரிசையாக வைத்தால் ஒரே நிலவின் பதினைந்து படங்களைத்தான் பார்க்கிறார்கள்.

உள்நாட்டுப் பள்ளிகளில் கடலுக்குப் பதில் உழவு, கிணற்றுப் பாசனம், ஆட்டுக்கிடை என்று நிலவோடு தொடர்புடைய செய்திகள் நிறையக் கிடைக்கும். தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதில் சரிபார்க்க முடிந்தவற்றைச் சரிபாருங்கள். முடியாதவற்றைக் கேள்வியாக எழுதி வையுங்கள்.

திட்டமிட வசதியாகச் சில தேதிகள்: 2025இல் மார்ச் 30, 31 மாலைகளில் பிறை பார்க்கத் தொடங்கலாம். பௌர்ணமி ஏப்ரல் 13, புனித வெள்ளி ஏப்ரல் 18, ஈஸ்டர் ஏப்ரல் 20. அந்த ஆண்டு பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அப்படியானால் ஈஸ்டர் எப்போது என்பதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். 2026இல் மார்ச் 20 மாலை தொடங்கலாம். பௌர்ணமி ஏப்ரல் 2, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027இல் பௌர்ணமி மார்ச் 22, ஈஸ்டர் மார்ச் 28. தேதிகளை முன்கூட்டியே சொல்லிவிடாமல், விதியை மட்டும் கொடுத்து நாள்காட்டியில் தேட விடுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டும்.